நுரையைப் பற்றி நான் எழுதியதும் அவள் வாசித்ததும்

மழை பெய்தால் திருமணிமுத்தாற்றில் நுரை வரும். சேலத்தில் தண்ணீராகக் கிளம்புவது எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் வேறு என்னவோ ஆகியிருக்கும். பாலத்துக்குக் கீழே வெள்ளைவெளேரென்று பொங்கும், காற்றடித்தால் பிய்ந்துகொண்டு மேலே ஏறும், வண்டியில் போகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று பார்ப்பேன். ஒரு காக்கை கழுத்தைத் திருப்பினாலே அரைப் பக்கம் எழுதுகிற ஆளுக்கு, ஆறே நுரைத்தால் கை சும்மா இருக்குமா. எழுதினேன். வசன கவிதை, இரண்டு பக்கம்.

அதன் முடிவில் ஒரு திருப்பம் வைத்திருந்தேன். விடிகாலையில் என் கழிப்பறையிலும் அந்த ஆறு ஓடுகிறது. ஒரு சொம்பு ஊற்றினாலும் போகாத நுரை, இரண்டு சொம்பு ஊற்றினாலும் ஓரத்தில் தங்கி என்னைப் பார்க்கிற நுரை. ஊர் தன் அழுக்கை என் வழியாகவும் கடலுக்கு அனுப்புகிறது. இப்படிப் போகும். ஒரு சிற்றிதழில் வந்தது. நாலைந்து பேர் ஃபோன் செய்து பாராட்டினார்கள். உடலும் நதியும் ஒன்றாகிற இடம் பிரமாதம் என்றார் ஒருவர். அவர் சொன்ன பிறகுதான் அப்படியோர் இடம் அதில் இருப்பது எனக்கே தெரிந்தது. ஆமாங்க, அதைத்தான் முயற்சி பண்ணினேன் என்று அடக்கமாகச் சொல்லிவைத்தேன்.

என் மனைவி பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் கேன் கேனாக வருகிற பாலை அளந்து, கருவியை விட்டுப் பார்த்து, யார் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லும் வேலை. என் எழுத்தை அவள் வாசிப்பதில்லை. எனக்கும் அதில் ஒரு நிம்மதி உண்டு. அன்றைக்கு மட்டும் அந்த இதழ் சாப்பாட்டு மேசையில் கிடந்ததால், தட்டில் கை இருக்கும்போதே இடது கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஆகா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இது நெசமா?"

கவிதையில் உண்மை என்பது என்ன என்று நான் ஆரம்பித்தேன்.

"கவிதையக் கேக்கலீங்க. நுரை நெசமா வருதான்னு கேட்டேன்."

வருது என்றேன்.

"எத்தனை நாளா?"

அந்தக் கவிதைக்கு வந்த விமர்சனங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். பாராட்டிய யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. எழுதிய எனக்கும்தான்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா சிறுநீரகம் கெட்டுத்தான் போனார். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கூட்டிக்கொண்டு போனால், கடைசிப் படியில் நிற்கிறார் என்றார்கள். அவருக்கு முன்னால் இருந்த நாலு படிகளையும் யாரும் பார்க்கவில்லை. அவள் இன்னும் அந்தப் படிகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நுரைக்கு உவமை தேடிக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். சிறுநீரகத்துக்கென்றே படித்தவர், அதிகம் பேசாதவர். முதலில் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். இரண்டு தடவையும் அதிகமாகவே இருந்தது. எத்தனை வருசமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். காலையில் தலை கனமாக இருக்கும், அது கவிதை வருவதற்கான அறிகுறி என்றுதான் இத்தனை வருடமாக நம்பியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். பெரும்பாலும் இதற்கு எந்த அறிகுறியும் இருக்காது, தலை கனத்தது வேறு எதற்காவது இருக்கும் என்றார் டாக்டரம்மா. ஆக, கவிதை வருவதற்கு இருந்த ஒரே அறிகுறியும் என்னை விட்டுப் போனது.

மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லை என்றேன். மனைவி குறுக்கிட்டு, கழுத்து வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரைகளை எடுத்துச் சொன்னாள். அதை நான் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஹைவேஸ் ஓரத்தில் இருக்கிற விடுதிப் பள்ளியில் நான் தமிழ் வாத்தியார். தினம் பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய், ஆடிக்கொண்டே வந்து, ராத்திரி குனிந்து எழுதுகிறவனுக்கு அது சாப்பாட்டில் உப்பு மாதிரி. இனி அதைத் தொடவே கூடாது என்றார். உப்பையும் குறைக்கச் சொன்னார். உவமை இரண்டு பக்கமும் போனது.

ரத்தமும் சிறுநீரும் கொடுத்தோம். முடிவில் ஐம்பத்திரண்டு என்று ஓர் எண் வந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் மார்க்குக்குப் பேர்போனது. மார்க்கை வைத்துப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரிப்போம், மாதாமாதம் இடம் மாற்றுவோம். அந்த இருபது வருடப் பழக்கத்தில், ஐம்பத்திரண்டு என்றதும், பாஸ்தானுங்களே என்று வாயில் வந்துவிட்டது.

"இது மார்க் இல்லீங்க சார்" என்றார் டாக்டரம்மா.

பிறகு பொறுமையாகச் சொன்னார். தசைகள் வேலை செய்யும்போது கிரியாட்டினின் என்று ஒரு கழிவு உண்டாகும். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ள முடியாதபோது ரத்தத்தில் தேங்கும். எவ்வளவு தேங்கியிருக்கிறது, நமக்கு என்ன வயசு, ஆணா பெண்ணா என்பதை எல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டால், சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தை வடிகட்டுகிறது என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். தொண்ணூறும் அதற்கு மேலும் முதல் படி. அறுபதிலிருந்து தொண்ணூறுக்குள் இரண்டாவது. முப்பதிலிருந்து அறுபதுக்குள் மூன்றாவது. அது அகலமான படி என்பதால் நாற்பத்தைந்தில் ஒரு கோடு போட்டு, மேலே ‘ஏ’, கீழே ‘பி’ என்று பிரித்திருக்கிறார்கள். முப்பதுக்கும் கீழே நாலு. பதினைந்துக்குக் கீழே போனால் ஐந்து. மாமனார் நின்ற இடம். அந்த எண்ணைச் சொல்லும்போது என் மனைவி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

சிறுநீரில் வேறொரு கணக்கு. அல்புமின் என்கிற புரதம் ரத்தத்திலேயே தங்கவேண்டியது. வடிகட்டி நைந்துபோனால் அது கசிந்து வெளியே வரும். நுரைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதையும் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: முப்பதுக்குக் கீழே ஒன்று, முந்நூறு வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. எனக்கு நூற்று எண்பதுக்குப் பக்கத்தில். ஊரின் அழுக்கு என்று நான் எழுதிவைத்தது என் சொந்தப் புரதம்.

ரத்தம் கொடுத்ததற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மல்லசமுத்திரம் பக்கத்தில் கெடா வெட்டு. குலதெய்வம் கோயில் நோம்பி. நல்லி எலும்பு என் பக்கமாக எச்சாகவே வந்தது, ஒன்றையும் விடவில்லை என்றேன். முதன்முறையாகச் சிரித்தார். கறி நிறையத் தின்றால் அந்தக் கழிவும் ஏறும், கறி இல்லாமல் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, அதன் பிறகு மூன்று மாதம் ஆனதும் ஒரு தடவை பார்ப்போம் என்றார். அப்படியென்றால் இந்த எண்ணை நம்பவேண்டாமா என்றேன்.

"நம்பவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். மூணு மாசத்துக்கு மேல இப்படியே இருந்தாத்தான் நாள்பட்டதுன்னு சொல்லுவோம். அதுவரைக்கும் இதுக்குப் பேர் வெக்க மாட்டேன்."

பேர் வைக்காமல் ஒரு விஷயத்தை மூன்று மாதம் விட்டுவைப்பதா. என்னிடமா. நான் கொசுவத்திப் புகைக்கே நாலு பேர் வைத்தவன்.

இரண்டு வாரம் கழித்து வந்தது ஐம்பத்து நாலு. கெடாவின் மேல் போட்ட பழி ஒட்டவில்லை.

இதற்குள் சொந்தக்காரர்களிடம், மூணாவது ஸ்டேஜாமா என்று செய்தி பரவியிருந்தது. அவர்களுக்கு ஸ்டேஜ் என்றால் ஒரே நோய்தான் தெரியும். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, தாழ்ந்த குரலில் பேசி, நான் நடந்து வந்து கதவைத் திறப்பதைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்து திரும்பிப்போனார்கள். அந்தத் துக்கமான கவனிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டொருவர் என் புத்தகத்தைக்கூடக் கேட்டு வாங்கிப்போனார்கள்.

மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, ரிக் வண்டி வைத்து, எந்தெந்த மாநிலத்திலோ ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிறவன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

"மாமா, இது ஒண்ணுமில்லீங்க. புதுசா போர் போட்டா மொதல்ல சேறுதான் வரும். கம்ப்ரசர் உட்டு ஃப்ளஷ் பண்ணோணும். தெளிவா வர்ற வரைக்கும் உட்டுட்டு, அப்பறம் அளந்து பாத்தா சோக்கா இருக்கும்."

பூமியை ஆயிரம் அடி துளைத்தவன் சொல்கிறான். டாக்டரம்மா தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும், மருந்தாகக் குடிக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவர் சொன்னதில் உவமை ஏதும் இல்லை. இவன் சொன்னதில் இருந்தது. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதோடு நானாக ஒரு பாடத்திட்டமும் போட்டேன். கழிவு தசையிலிருந்து வருகிறது, கறியிலிருந்து ஏறுகிறது. ஆக, உள்ளே போவதை நிறுத்தினால் கழிவு குறையும், எண் ஏறும். கறி போனது. முட்டை போனது, திரும்பிய பக்கமெல்லாம் கோழிப்பண்ணை இருக்கிற ஊரில், முட்டை வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பருப்பு போனது. மனைவி சொசைட்டியிலிருந்து கொண்டுவருகிற பாலும் போனது. கஞ்சி, சுரைக்காய், மறுபடி கஞ்சி. அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள், பட்டினி கிடக்கச் சொல்லவில்லை என்று அவள் தினமும் சொன்னாள். நான் துறவியின் புன்னகையோடு கேட்டுக்கொண்டேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சட்டை, ஹேங்கரில் தொங்குவது போலவே என் மேலும் தொங்கியது. கண்ணாடியில் கன்னத்து எலும்பு தெரிந்தது. கவிஞன் என்று சொன்னால் இனி யாரும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்திருந்த ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். அவள் முன்னால் நின்று, நான் விழுங்கும்வரை போகமாட்டாள்.

மூன்று மாதம் ஆனது. அன்று காலை அவள் பால் எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஃப்ளஷிங்கை முடித்தேன். ஒரு குடம் தண்ணீர் குடித்தேன் என்று சொன்னால் மிகை. முக்கால் குடம் இருக்கும். காலையில் முதலில் போகிற சிறுநீரைத்தான் தரவேண்டும் என்று லேபில் சொல்லியிருந்தார்கள். நான் முதலாவதையும் இரண்டாவதையும் மூன்றாவதையும் விட்டுவிட்டு, பளிங்கு மாதிரி வந்ததைப் பிடித்து எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் அந்தக் குட்டி டப்பாவைச் சட்டைப் பையில் வைத்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் ரிப்போர்ட் கிடைத்தது, அறுபத்தாறு. இரண்டாவது படி. அல்புமின் என்ற வரியில் பழைய எண்ணில் கால்வாசிகூட இல்லை. லேப் வாசலிலேயே நின்று மனைவிக்கு ஃபோன் செய்தேன்.  நெசமாவா என்றாள் அவள். இந்த முறை நான் உண்மை என்பது என்ன என்று ஆரம்பிக்கவில்லை, நெசந்தான் கண்ணு என்றேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்போதாவது குடித்த தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்திருக்கலாம். திரும்பும் வழியில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ‘மீட்சி’ என்று தலைப்பு எழுதினேன்.

மாலையில் இருவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். எடை மிஷினில் ஏறச் சொன்னார். இறங்கச் சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் தவத்தை விவரித்தேன்.

அவர் சொன்னது இதுதான். தசை கரைந்துவிட்டால் அந்தக் கழிவு உண்டாவதே குறையும். குறைந்ததால் ரத்தத்தில் தேங்கியிருப்பதும் குறைவாகத் தெரியும். சூத்திரத்துக்கு அந்த விஷயம் தெரியாது; சிறுநீரகம் தேறிவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். நான் சிறுநீரகத்தைச் சரி செய்யவில்லை, அளவுகோலைத் தேய்த்திருக்கிறேன். பிறகு, அல்புமின் வரிக்குக் கீழே நான் கண்ணே வைக்காத இன்னொரு வரியில் பேனாவை வைத்தார். அதில் நூற்று எழுபது என்று இருந்தது.

"தண்ணி நெறையக் குடிச்சிட்டு வந்தீங்களா சார்?"

கொஞ்சம் என்றேன்.

நீங்கள் எவ்வளவு குடித்தாலும் அல்புமினும் நீர்த்துப்போகும், கூடவே கிரியாட்டினினும் நீர்த்துப்போகும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றுக்கு இன்னொன்று எத்தனை பங்கு என்று பார்க்கிறோம், பங்கு மாறாது என்றார். என் மனைவி பக்கம் நான் திரும்பவில்லை. பாலில் தண்ணீர் கலப்பவர்களைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் எதில் தண்ணீர் கலந்திருக்கிறேன் பாருங்கள்.

தசையைப் பெரிதாகப் பொருட்படுத்தாத இன்னொரு பரிசோதனை இருக்கிறது, சிஸ்டாட்டின் என்ற ஒன்றை ரத்தத்தில் பார்ப்பது; அதற்கும் வயிற்று ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்.

 ராசிபுரம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவள் பேசினாள். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. குரல் சாதாரணமாக இருந்தது.

"காலைல ஃபோன்ல சொன்னப்ப, கேனை அப்படியே வெச்சிட்டு அழுதுட்டேன். அத்தனை பேரும் பாத்தாங்க."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"பொய்யா ஒரு நம்பரைக் கொண்டாந்து குடுத்திட்டீங்கன்னா, நான் அந்த நம்பரோடயா குடும்பம் நடத்தறது? எங்கப்பன் எத்தனையாவது படீல இருந்தாருன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க இருக்கற படியாச்சும் எனக்குத் தெரியோணுமுங்க."

 இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்நயம் சொல்லிக்கொடுக்கிற நான், பையில் கிடந்த டிக்கெட்டை எடுத்து, மீட்சியை நாலாகக் கிழித்து, கீழே போட மனமில்லாமல் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

சிஸ்டாட்டின் கணக்கு ஐம்பத்தொன்று என்று வந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் இருக்கவேண்டிய அளவுக்குச் சற்றே சிறியதாக, இருக்கவேண்டிய நிறத்தைவிடச் சற்றே வெளுப்பாகத் தெரிந்தன. அடைப்போ கல்லோ இல்லை. டாக்டரம்மா மூன்று விஷயங்களை ஒட்டுக்கா ஒரே வரியில் எழுதினார். காரணம்: கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தமாக இருக்கலாம். வடிகட்டும் வேகம்: ஜி-3ஏ. கசிவு: ஏ-2. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நோயின் முழு விலாசம், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்றார். கழுத்து வலி மாத்திரையைப் பற்றி மறுபடி எச்சரித்தார். மாத்திரையும் அளவான உப்பும் தவறாத சோதனையுமாக இருந்தால், இந்தப் படியிலிருந்து ஐந்துக்குப் போகாமலே வாழ்கிறவர்கள் நிறைய என்றும் சொன்னார். இதையும் என் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். என்னிடம் சொன்னால் நான் கவிதையாக்கிவிடுவேன் என்று தெரிந்துகொண்டிருக்கவேண்டும்.

நோய் உண்டு என்று உறுதியான அன்று, வினோதமாக, அவள் முகம் தெளிந்திருந்தது. வரும் வழியில் முட்டை வாங்கினாள். வீட்டில் அளவாக ஒன்று வேகவைத்து என் தட்டில் வைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த மஞ்சள் கருவை வாயில் வைத்தபோது எனக்கு ஏதேதோ வரிகள் வந்தன. வாயை மூடிக்கொண்டு மென்றேன். மச்சினன் ஃபோன் செய்து ஃப்ளஷிங் என்ன ஆச்சு மாமா என்றான். போர் நல்லா இருக்குது, தண்ணி மட்டம்தான் கொஞ்சம் கீழே, மோட்டாரை அளவா ஓட்டச் சொல்லியிருக்காங்க என்றேன். அது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

இப்போது காலையில் ஒரு வழக்கம். நான் கழிப்பறையிலிருந்து வந்ததும் அவள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே கேட்பாள்.

"இருக்குதுங்களா?"

"இருக்குது."

"எவ்வளவு?"

முதல் நாட்களில் என் வாயில் ஆறு வந்தது, பாலம் வந்தது, மழைக்கால மேகம்கூட ஒன்று வந்தது. இன்றைக்குக் காலை யோசித்துப் பார்த்து, நேத்து மாதிரியே இருக்குது என்றேன்.

"சரி, மாத்திரையப் போட்டுட்டு வாங்க. தோசை ஆறுது."